அடுப்படிப் பேச்சு: நாவலிலும் தொடரிலும் அன்றாட வாழ்க்கை எங்கே இருக்கிறது?

வைகைக்கரை

நீண்ட நாளாக மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மதுரையில் எங்களோடுதான் இருக்கிறார். அப்போதெல்லாம் இரவு ஒன்பதரை மணிக்கு அவருக்கு 'எதிர்நீச்சல்' தொடர் ஓடியாக வேண்டியிருந்தது. அதுவரை நான் தொலைக்காட்சித் தொடர் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் அம்மாவின் பாதத்துக்கு எண்ணெய் தடவிவிடும் நேரமும் அதுதான். தடவி முடித்த பிறகும் எழுந்து போக மனம் வராது. மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கண் புத்தகத்தில், காது தொடரில். இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலை நான் வாசித்தது அப்படித்தான்.

வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 2018இல் க்ரியா வெளியிட்டது. 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு ஒரு நாள் உடல் முழுக்கத் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். அதற்குப் பிறகு நாவல் தீக்காயப் பிரிவின் வாசலை விட்டு நகர்வதே இல்லை. அப்பா தலைமை ஆசிரியர், பணம் வைத்திருப்பவர். அந்த வாசலில் அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

அந்த நாவலில் என்னை உலுக்கியது தீ அல்ல. காத்திருப்பவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு. பக்கம் பக்கமாகப் பேச்சுதான். அம்மா, அண்ணன், அண்ணி, பக்கத்தில் காத்திருக்கும் முகம் தெரியாதவர்கள் என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள், நடுவில் யாரோ டீ வாங்கி வருகிறார்கள். துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பதை என் அப்பா இறந்த வாரத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை அச்சில் பார்த்ததில்லை.

அதே இரவுகளில் காதில் விழுந்துகொண்டிருந்தது நான்கு மருமகள்களின் பேச்சு. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. படித்த பெண்கள், ஆதி குணசேகரன் வீட்டு அடுப்படிக்குள் அடைபட்டவர்கள். அவன் கூடத்தில் உட்கார்ந்து அதட்டும் காட்சிகளைத்தான் ஊரே பேசியது. எனக்கு அந்த அடுப்படிதான் பிடித்தது. ஒருத்தி காய் நறுக்குவாள், ஒருத்தி மாவு பிசைவாள், நந்தினி ஏதாவது சொல்ல மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் குரல் தாழும். குரல் தாழ்ந்த பிறகும் பேச்சு நிற்காது. எனக்கு அது எங்கள் கூட்டுக்குடும்ப வீட்டு அடுப்படி. பெரியம்மாவும் சித்திகளும் என் அம்மாவும் அப்படித்தான் பேசினார்கள். கூடத்தில் ஆண்கள் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் உண்மையான விமர்சனம் அங்கேதான் நடந்தது.

ஆகவே என் கருத்து இதுதான். கை ஏதோ ஒரு வேலையில் இருக்க, வாய் பேசும் பேச்சில்தான் நம் அன்றாட வாழ்க்கை இருக்கிறது. அந்தப் பேச்சைப் பிடித்த நாவல் எனக்கு நல்ல நாவல், பிடித்த தொடர் நல்ல தொடர். அண்மையில் வாசித்த சில தடித்த நாவல்களில் அது இல்லை. ஆசிரியர் பத்தாண்டு உழைத்துச் சேர்த்த வரலாறு இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. நானூறு பக்கம் ஓடியும் ஒருவரும் உலையில் அரிசி போட்டதாகத் தெரியவில்லை. தொடர்களிலோ தினமும் ஓடும் அளவுக்கு நேரம் இருந்தும், அதைப் பழிவாங்கலுக்கும் கண்ணை உருட்டுவதற்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு தொடரில் நறுக்கிய கத்தரிக்காயைத் தட்டில் வைத்துவிட்டு ஒருத்தி வெகுநேரம் வசனம் பேசினாள். அம்மா கதையையே விட்டுவிட்டார். "தண்ணீரில் போடாமல் வைத்திருக்கிறாளே, கறுத்துப்போகுமே" என்று அந்தக் காட்சி முடியும்வரை தவித்தார். அவர் தவித்தது எனக்கு நியாயமாகப் பட்டது. காயை நறுக்கத் தெரியாதவள் பேசும் துக்கத்தை அவர் எப்படி நம்புவார்?

உங்களுக்கு அப்படி நம்பிக்கை வந்த இடங்களைச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டார்

நாவலைப் பற்றி நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு ஏற்புடையதே. ஆனால் அதே மூச்சில் தொடரைக் கொண்டுவந்து வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை அம்மா. முப்பத்தைந்து ஆண்டு தமிழ் ஆசிரியராக இருந்தவன் நான். 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கிய பிறகு எங்கள் ஊர்த் திண்ணைகள் காலியானதைக் கண்ணால் பார்த்தவன். மாலையில் வேப்பமரத்தடியில் பருத்தி விலையையும் மழையையும் பேசிக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். நீங்கள் தேடும் பேச்சைக் கொன்றதே இந்தப் பெட்டிதான்.

அந்தப் பேச்சு வேண்டுமென்றால் சோ. தர்மனின் 'சூல்' வாசியுங்கள். 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எங்கள் பக்கத்து உருளைக்குடிதான் கதையின் ஊர். கண்மாயை நம்பி வாழ்ந்த ஒரு கிராமம் முழுவதும் அதில் பேசுகிறது. மடைக்குடும்பன் என்றொரு பொறுப்பு இருந்தது. நீருக்குள் மூச்சடக்கி இறங்கி மடையைத் திறந்துவிடுபவர். பொதுப்பணித் துறை வருவதற்கு முன்பு தண்ணீர்ப் பங்கீட்டை ஊரே நடத்திய முறை அது. என் தாத்தா காலத்தில் அந்த வேலை செய்தவரின் பேரன் இன்று வெளியூரில் காவலாளியாக இருக்கிறான். அந்த நாவலை அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரே இரவில் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டான். பேசவில்லை, அழுதான்.

இன்னொன்று. நீங்கள் கொண்டாடும் அந்தத் தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமான பிறகு அந்த வேடத்துக்கு வந்தவர் வேல ராமமூர்த்தி. பெருநாழிக்காரர், 'குற்றப் பரம்பரை' நாவலை எழுதியவர். நல்ல நாவலாசிரியர் ஒருவரைத் தமிழ்நாட்டின் வீடுகள் நாவலால் அறியவில்லை, தொடரால்தான் அறிந்தன. இதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

எடிட்மேசை

ஐயா, கோபப்படாதீர்கள். நான் ஆறு ஆண்டு தொடர்களில் உதவி இயக்குநராக இருந்தவன். எந்தத் தொடர் என்பது வேண்டாம். அடுப்படிக் காட்சி ஏன் வருகிறது, கத்தரிக்காய் ஏன் கறுக்கிறது என்பதை உள்ளே இருந்து சொல்கிறேன்.

அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடம் எங்களுக்கு. வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பு. ஆக ஒரு நாள் படப்பிடிப்பில் ஏறக்குறைய ஒரு பகுதி முடிந்தாக வேண்டும். சினிமாவில் இரண்டு நிமிடக் காட்சிக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்வார்கள். வசனத்தாள் பல நாள் காலையில்தான் வரும். சில நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மீதித் தாள் கைப்பேசியில் வரும். நடிகர்களில் பலர் கன்னடம், மலையாளம், தெலுங்கு பேசுபவர்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நான் வரி வரியாக எடுத்துக்கொடுப்பேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வேறொருவர் குரல் கொடுப்பார். இதில் கை வேலை செய்தால் வாய் தவறும். அதனால் காயைத் தொடாதே, கத்தியைப் பிடித்துக்கொண்டு நில் என்று நாங்களே சொல்லிவிடுவோம். காலை ஏழு மணிக்கு நறுக்கி வைத்த காய் மாலை வரை அதே தட்டில் இருக்கும்.

கை வேலை செய்துகொண்டே பேசத் தெரிந்த நான்கு நடிகைகள் ஒரே தொடரில் அமைவது அபூர்வம். அமைந்தால் இயக்குநர் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவார். 'எதிர்நீச்சல்' இயக்கிய திருச்செல்வம் 'கோலங்கள்' தொடர் காலத்திலிருந்து இதைச் செய்துவருபவர். 'எதிர்நீச்சல்' தொடருக்கு வசனம் எழுதியவர் ஸ்ரீவித்யா. அடுப்படிக்குள் இருந்து எழுதும் கை அது என்பது கேட்டாலே தெரியும்.

நான் வேலை பார்த்த தொடரில் ஒரு மூத்த நடிகை இருந்தார். ஒரு சாவு வீட்டுக் காட்சி. அழுதுகொண்டே அவர் முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முறமும் அரிசியும் அரங்கப் பொருளாக அங்கே கிடந்தன, அவ்வளவுதான். ஒளிப்பதிவாளர் கையை மட்டும் நெருங்கி எடுத்தார். மறுநாள் படத்தொகுப்பில் அது போய்விட்டது. அந்த இடத்தில் ஆறு பேரின் அதிர்ச்சி முகங்கள் வந்தன. வியாழக்கிழமை வரும் பார்வையாளர் கணக்கில் முகங்களுக்குத்தான் மதிப்பெண் என்று சொன்னார்கள். அந்தக் கை இன்றும் என் கண்ணில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அந்த வேலையை விட்டேன். இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விட்ட பிறகு நான் முதலில் நினைத்தது அதைத்தான்.

வைகைக்கரை

எடிட்மேசை அண்ணா, அந்த அரிசியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. இன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரிசல்காட்டார் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. திண்ணை காலியானது உண்மை. ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? வேப்பமரத்தடியில் என் அம்மாவுக்கு ஒருநாளும் இடம் இருந்ததில்லை. அவருக்கும் அவருடைய ஓரகத்திகளுக்கும் பெட்டி வந்த பிறகுதான் மாலையில் ஒன்றாக உட்கார ஒரு காரணம் கிடைத்தது. 'மெட்டி ஒலி' ஓடிய 2002 முதல் 2005 வரை எங்கள் தெருவில் எட்டு வீட்டுப் பெண்கள் ஒரே வீட்டில் கூடினார்கள். முந்தானையில் கடலையோ, உரிக்க வேண்டிய பூண்டோ இருக்கும். விளம்பர இடைவேளையில் அவர்கள் பேசியது கதையைப் பற்றி அல்ல. அந்தக் கதையைச் சாக்கிட்டுத் தங்கள் மாமியாரைப் பற்றி, சீதனப் பாக்கியைப் பற்றி, மகளைக் கொடுத்த இடத்தைப் பற்றி. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கதை அது. எட்டு வீட்டிலும் அந்த அப்பா இருந்தார். எனக்கு அது பேச்சின் சாவாகத் தெரியவில்லை ஐயா.

மாரிமுத்து இறந்த செய்தி வந்த காலையில் அம்மா சாப்பிடவில்லை. மாதக்கணக்காக வைதுகொண்டிருந்த மனிதர். அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்துவிட்டது என்றதும், "வேலை செய்துகொண்டிருக்கும்போதே போய்விட்டாரே" என்றார். அவரை வில்லனாக அம்மா நினைத்ததே இல்லை, வீட்டில் இருந்த ஒரு முரட்டு மூத்தவராகத்தான் நினைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னும் ஒரு குறை சொல்ல வேண்டும். நம் தொடர்களில் யாரும் பஸ்ஸில் போவதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண அரசுப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா, முன்பெல்லாம் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வருவார், ஸ்டேஜ் மாறினால் டிக்கெட் ஏறிவிடும் என்று. இப்போது வாசல் வரை பஸ்ஸில் வருகிறார். மிச்சமாகும் பணத்தை ஒரு சுருக்குப் பையில் தனியாகப் போடுகிறார். 2023 செப்டம்பர் முதல் மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயில் மகளின் செவிலியர் படிப்புக்குச் சீட்டுக் கட்டுகிறார். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இவ்வளவு நடந்திருக்கிறது. எந்தத் தொடரிலாவது ஒரு மருமகள் நடத்துநரிடம் அந்த இலவச டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் மடித்து வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கோடிக்கணக்கில் சொத்துப் பத்திரம் கை மாறுகிறது, இருபது ரூபாய் கை மாறுவதில்லை. நாவல்களிலும் அது இன்னும் வரவில்லை, அல்லது என் கண்ணில் படவில்லை.

எடிட்மேசை

பஸ் வராததற்குக் காரணம் எளிது. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அனுமதி, வாடகை, கூட்டம். அந்த நேரத்தில் வீட்டுக்குள் மூன்று காட்சி எடுத்துவிடலாம். சென்னையில் படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடும் பங்களாக்கள் இருக்கின்றன. கூடம், மாடிப்படி, அடுப்படி, பூஜையறை, நான்கு படுக்கையறை. இன்று ஒரு தொடரில் ஜமீன் வீடு, சோபாவும் திரைச்சீலையும் மாறினால் அடுத்த மாதம் இன்னொரு தொடரில் தொழிலதிபர் வீடு. கதாபாத்திரங்கள் எல்லோரும் பணக்காரர்களாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கட்டடம்தான். ஓட்டு வீட்டில் கேமராவும் விளக்கும் வைக்க இடம் இருக்காது.

வல்லைவெளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் தொடர் என்று சொல்வதில்லை, நாடகம் என்றுதான் சொல்வோம்.

உங்கள் பேச்சு என்னை என் அம்மம்மாவிடம் கொண்டுபோய்விட்டது. எழுபதுகளில் இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' போனது. அம்மம்மா இடியப்பம் பிழிந்துகொண்டே கேட்டதை அம்மா சொல்வார். உரலின் இரண்டு கைப்பிடியையும் அமுக்கிக்கொண்டிருப்பவர், ஒரு கட்டத்தில் கையை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்பாராம். தட்டில் பாதி வட்டத்தோடு இடியப்பம் நிற்கும். அந்த நாடகத்தில் என்ன நடந்தது என்று அம்மாவுக்கு நினைவில்லை. பாதி வட்டம் நினைவிருக்கிறது.

நாவலுக்கு வருகிறேன். சயந்தனின் 'ஆதிரை' 2015இல் வந்தது. மலையகத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களும் அதில் இருக்கின்றன. போர் பற்றிய நாவல் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அதில் நின்றது, இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் மனிதர்கள் திரும்பவும் ஒரு அடுப்பை மூட்டுவது. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணம் முழுவதும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா தூக்கி வந்தது ஒரு பால்மா டின், அதற்குள் தேங்காய்த் துருவலி. நகையை மறந்துவிட்டு அதை எடுத்திருக்கிறார். கைதடியில் அடுத்த நாள் காலை யாரோ ஒரு தேங்காய் தந்தபோது அந்தத் துருவலிக்காக ஏழெட்டுக் குடும்பம் வரிசையில் நின்றது. வரிசையில் நின்றவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? சம்பலுக்கு வெங்காயம் போடுவதா இல்லையா என்று. பின்னால் ஷெல் விழுந்துகொண்டிருந்தது.

வைகைக்கரை அக்கா, நீங்கள் கேட்ட பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டைக்காரி

'அயலி' பற்றி யாரும் சொல்லவில்லையே! 2023 ஜனவரியில் வந்த எட்டுப் பகுதி வலைத்தொடர், முத்துக்குமார் இயக்கியது. தொண்ணூறுகளில் எங்கள் மாவட்டத்து வீரப்பண்ணை என்ற ஊரில் நடக்கும் கதை. வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்திக் கல்யாணம் செய்துவிடும் வழக்கம். தமிழ்ச்செல்வி என்ற பெண் படிக்க வேண்டும் என்பதற்காகத் தான் வயதுக்கு வந்ததை மறைத்துவிடுகிறாள். அதற்கு அவள் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். துணியை எங்கே துவைப்பது, எங்கே காயப்போடுவது, வயிற்று வலியை முகத்தில் காட்டாமல் எப்படி வகுப்பில் உட்கார்வது. இது எதுவும் பெரிய நிகழ்ச்சி அல்ல. ஆனால் எங்களில் எத்தனையோ பேருடைய வாழ்க்கை அந்தக் கொடிக்கயிற்றில்தான் இருந்தது.

என் அக்கா ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவள். ஊர் வழக்கம் என்றெல்லாம் பெரிய பெயர் இல்லை, பள்ளிக்கூடம் தூரம் என்று அப்பா சொன்னார். ஆறு கிலோமீட்டர். எனக்கு அரசு இலவச சைக்கிள் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தொடரை அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். அவள் எட்டுப் பகுதியும் முடியும்வரை எதுவும் பேசவில்லை. முடிந்ததும் எழுந்துபோய், பரணில் இருந்து தன்னுடைய எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டை எடுத்து வந்தாள். செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம். மகரந்தத்தூள் மஞ்சள், சூலகம் பச்சை, எல்லாவற்றுக்கும் அளவுகோல் வைத்து அம்புக்குறி. முப்பது வருடம் அதை வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

கரிசல்காட்டார் ஐயா, நீங்கள் ஆசிரியர். இதைப் பெட்டி செய்தது.

கரிசல்காட்டார்

செம்பருத்திப் பூவை வரையச் சொல்லிக்கொடுத்த ஆயிரம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த நோட்டைப் பரணில் வைத்திருக்கிறார்களோ. நேற்று இரவு தூக்கம் வரவில்லை அம்மா.

திண்ணையைப் பற்றி வைகைக்கரை கேட்டது சரியான கேள்வி. என் மனைவியிடம் கேட்டேன். நாற்பது வருடத்தில் ஒருநாள்கூட அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததில்லை என்றார். எனக்கு அது தோன்றியதே இல்லை. பிறகு அவர் ஒன்றைக் காட்டினார். தொலைக்காட்சிக்கு முன்பு பெண்களுக்கு என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி. அவருடைய அம்மா வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, அச்சகத்தில் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு பைண்ட் செய்த புத்தகங்கள். நடுவில் பக்கங்கள் ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாது. கதையின் பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம், பாதி நகைச்சுவைத் துணுக்கு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்து, இப்படித்தான் வீடுகளில் புத்தகமானது. ஓரங்களில் பென்சிலில் மாமியாரின் எழுத்து: பால் கணக்கு. அரைப்படி, அரைப்படி, இன்று இல்லை, ஒரு படி. கதையும் கணக்கும் ஒரே தாளில். அந்தப் புத்தகத்தை வீட்டில் நாற்பது வருடமாகத் தாண்டிப் போயிருக்கிறேன், திறந்து பார்த்ததில்லை.

தொடர்களின் தரம் பற்றிய என் கருத்து மாறவில்லை. திண்ணை பற்றிய கருத்து மாறிவிட்டது.

இரவுப்பணி

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதுகிறேன்.

நான் செவிலியர். பதினோரு ஆண்டாகப் பணி, அதில் நான்கு ஆண்டு தீக்காயப் பிரிவு. எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன். 'செல்லாத பணம்' நாவலை என் தோழி கொடுத்தபோது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். பகலெல்லாம் பார்ப்பதை இரவில் எதற்குப் படிக்க வேண்டும்? இரண்டு ஆண்டு கழித்து, வேறு பிரிவுக்கு மாறிய பிறகு வாசித்தேன்.

வைகைக்கரை அக்கா சொல்வது உண்மை. வாசலில் அப்படித்தான் பேசுவார்கள். அவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை சதவிகிதம். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கைக்கு 9, ஒரு காலுக்கு 18, மார்பும் வயிறும் சேர்ந்து 18, முதுகுக்கு 18. கூட்டிச் சொல்வோம். வெளியே இருப்பவர்களுக்கு அது பரீட்சை மதிப்பெண் போலக் கேட்கும். அறுபது என்றால் நாற்பது நன்றாக இருக்கிறதே என்பார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தவர்கள் நம்பிக்கையோடு திரும்புவார்கள். ஏனென்றால் முதல் நாள் அந்தப் பெண் தெளிவாகப் பேசுவாள். ஆழமாக எரிந்த இடத்தில் நரம்பு நுனிகளும் எரிந்துவிடும், வலி குறைவாக இருக்கும். தண்ணீர் கேட்பாள், பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்பாள். நாங்கள் அப்போது திரவக் கணக்கில் ஓடிக்கொண்டிருப்போம். முதல் 24 மணி நேரத்துக்கு உண்டானதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த எட்டு மணி, அவள் எங்களிடம் வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து. மூன்று மணி நேரம் பயணத்தில் போயிருந்தால் எங்களுக்கு ஐந்துதான் மீதி. கிருமி பற்றுவது அதன் பிறகு வரும் நாட்களில். அதை வாசலில் இருப்பவர்களிடம் முதல் நாளே சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

நீதித்துறை நடுவர் வாக்குமூலம் வாங்க வருவார். உறவினர்களை வெளியே அனுப்புவோம். அவள் நினைவோடு இருக்கிறாள் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பல பெண்கள், அடுப்பு வெடித்தது என்பார்கள். எந்த வீட்டில் இன்னும் அப்படி வெடிக்கும் அடுப்பு இருக்கிறது என்று நான் கேட்டதில்லை, கேட்பது என் வேலை இல்லை. வெளியே பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தக் கணவனே நின்றிருப்பான்.

நாவலில் இதெல்லாம் இருக்கும் என்பதால் பயந்தேன். ஆனால் வாசித்தபோது எனக்கு வேறொன்று நடந்தது. நான்கு ஆண்டும் அந்தக் கதவின் உள்பக்கத்திலேயே இருந்தவள் நான். கதவைச் சாத்திய பிறகு வெளியே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தப் புத்தகம் என்னைக் கதவுக்கு வெளியே உட்காரவைத்தது. வாழையிலை கொண்டுவாருங்கள், கட்டுப் பிரிக்கும்போது விரிக்க வேண்டும் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! விடியற்காலையில் அந்த இலையைத் தேடி யார் எங்கே அலைந்தார்கள் என்று அதற்கு முன் யோசித்ததில்லை.

எடிட்மேசை

சகோதரி, எழுதியதற்கு நன்றி. வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

வைகைக்கரை

இரவுப்பணி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்புரை முற்றிவிட்டது அவருக்கு, எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, அந்த நாவலை எடுத்து வா என்றார். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' வாசிக்கத் தொடங்கியிருந்தேன், அதைத் தள்ளிவைத்துவிட்டு இதை மறுபடியும் எடுத்தேன்.

ஒரு வாரமாக வாசிக்கிறேன், ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். தொடர் முடிந்து பெட்டியை அணைத்த பிறகு. அவர் தொடர் பார்ப்பது போலவே கேட்கிறார். இடையிடையே பேசுகிறார், ரேவதியின் அம்மா அமராவதியைக் கோபிக்கிறார், பிறகு அவளுக்காக உச்சுக்கொட்டுகிறார். பேசுவது யார் என்று நான் சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நான் தடுமாறும் இடத்தில்கூட அது மருமகள் பேசியது என்கிறார்.

நேற்று ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரவுப்பணிக்குத் தெரிந்திருக்கும் என்று சொன்னேன். அமராவதியைப் போல வாசலில் கிடக்கும் அம்மாக்கள் அந்த நாட்களில் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்கிறார்.

இரவுப்பணி

அம்மாவிடம் சொல்லுங்கள் அக்கா.

முதல் நாள் ஒன்றும் சாப்பிட மாட்டார்கள். இரண்டாம் நாளும் பெரும்பாலும் அப்படித்தான், தண்ணீர் குடிப்பார்கள். உள்ளே மகள் தண்ணீர் கேட்பது தெரிந்தால் அதையும் குடிக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் பக்கத்தில் காத்திருக்கும் வேறு யாராவது ஒரு பெண், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளாக அங்கேயே இருப்பவள், ஒரு டீயும் பன்னும் வாங்கி வந்து கையில் திணிப்பாள். சாப்பிடு, நீ விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்பாள். டூட்டி மாறும் நேரத்தில் காலை ஏழரைக்கு நான் வெளியே வரும்போது அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பன்னை டீயில் முக்கி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சாப்பிடுவார்கள். என்னைக் கண்டதும் மீதியை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார்கள்.